நாயுண்ணி: நாம் இல்லாத காலத்தில் எம் வளவில் வளர்ந்த செடி

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பிய ஒருவர், முதல் நாள் தமது வளவைக் கண்டுபிடிக்க முடியாமல் வீதியிலேயே நின்றுவிட்டார். வேலியும் படலையும் தெரியவில்லை. கிணற்றடித் தென்னை வட்டில்லாமல் நின்றபடியால் அதையும் அடையாளம் காண முடியவில்லை. ஆளுயரத்துக்கு மேல் ஒரே பற்றை. பற்றை முழுவதும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூ. “சுவாமி, பார்க்க வடிவாத்தான் கிடக்கு, ஆனால் கால் வைக்க இடமில்லை” என்று எம்மிடம் சொன்னார்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், அதே ஆண்டு ஒக்ரோபரில் மன்னார் முசலியிலிருந்தும், 2008, 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் பல இதே காட்சியைக் கண்டிருக்கின்றன. இன்னும் திரும்பாமல், உறவினர் வீட்டிலோ இரவல் காணியிலோ இருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் போகும் நாளில் காணப்போவதும் பெரும்பாலும் இதுவே. ஆகவே இவ்விதழில் நாயுண்ணியைப் பற்றிப் படிப்போம். உண்ணிச்செடி என்றும் சொல்வார்கள். சிங்கள மக்கள் கந்தபான என்பார்கள். தாவரவியலார் இட்ட பெயர் லன்ரானா கமாரா.

வெட்டுவதற்குக் கத்தி தீட்டும்போது படிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். செடியின் இயல்பு தெரியாமல் வெட்டியவர்கள் ஒரே பற்றையை மூன்று முறை வெட்டியதை நாம் பார்த்திருக்கிறோம். மூன்று முறையும் கூலி கொடுத்தார்கள்.

வந்த வழி

நாயுண்ணி எமது நாட்டுச் செடி அல்ல. அதன் தாயகம் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய வெப்பப் பிரதேசங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் பிரேசிலிலிருந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே கண்ணாடி வீடுகளில் வளர்த்து, ஒரு வகையை இன்னொரு வகையோடு கலந்து, புதிது புதிதாக நிறங்களை உண்டாக்கினார்கள். இன்று அறுநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இலங்கைக்கு 1826இல் பேராதனை அரச தாவரவியற் பூங்காவின் வழியாக அழகுச் செடியாக வந்தது. பூங்கா திறக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பூங்காவிலிருந்து துரைமாரின் தோட்டங்களுக்கும், அங்கிருந்து பறவைகளின் வயிற்றில் காட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இப்பொழுது உடவளவை தேசியப் பூங்காவில் யானை மேயும் புல்வெளிகளையும் மூடுகிறது. உலகில் மிகவும் கேடு விளைவிக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதையும் சேர்த்திருக்கிறது.

எமது வயல் வரம்பிலும் ஈரமான முற்றத்திலும் படரும் பொடுதலை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பொடுதலையின் சிறிய பூக்கொத்தை நாயுண்ணியின் பூக்கொத்தோடு வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். ஒன்று அடக்கமாகத் தரையோடு கிடக்கிறது, மற்றது ஊரையே பிடிக்கிறது.

பூவும் பழமும்

ஒரு பூ என்று நாம் பறிப்பது உண்மையில் இருபது முதல் நாற்பது வரையான சிறு பூக்களின் கொத்து. வெளிவட்டத்துப் பூக்கள் முதலில் விரியும். பிறகு ஒவ்வொரு வட்டமாக உள்ளே விரிந்து செல்லும். பொதுவாகக் காணும் வகையில் புதிதாக விரிந்த பூ மஞ்சள். மகரந்தச் சேர்க்கை நடந்த பின் அதே பூ இளஞ்சிவப்பாக மாறும். அதனால்தான் ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் தெரிகின்றன. பிள்ளைகளை ஒரு பற்றைக்கு அருகே நிறுத்தி வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை பெரும்பாலும் மஞ்சள் பூவிலேயே இறங்கும். தேன் உள்ள கடை எது, வியாபாரம் முடிந்த கடை எது என்பதைச் செடி நிறத்தாலே அறிவித்துவிடுகிறது. சிவந்த பூவும் கொத்தில் உதிராமல் நிற்பதால் தூரத்திலிருந்து கொத்து பெரிதாகத் தெரிகிறது.

பூ முடிந்ததும் பச்சைக் காய்கள் குலையாக வரும். ஒவ்வொன்றும் மிளகளவு அல்லது சற்றுப் பெரிது. பழுத்தால் கருநீலமாகி மினுங்கும். உள்ளே ஒரு கடினமான கொட்டை, அதற்குள் இரண்டு அறைகள். ஒரு பெரிய பற்றை ஓராண்டில் 12,000 பழங்கள் வரை தரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் இப்பழத்தை விரும்பித் தின்னும். கொட்டை சமியாமல் எச்சத்தோடு விழும். பறவை வயிற்றில் சதை நீங்கி வந்த கொட்டை, செடியடியில் சதையோடு விழுந்ததைவிட நன்றாக முளைக்கும். வேலிக் கதியாலின் கீழும், கம்பித் தூணின் கீழும், பனையின் அடியிலும் நாயுண்ணி வரிசையாக முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் நட்டதல்ல. பறவை எங்கே இருந்து எச்சமிட்டதோ அங்கே முளைத்திருக்கிறது. வளவைத் துப்புரவாக்கிய பிறகும் இந்த இடங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும்.

பழுத்த பழத்தை எங்கள் சிறுவயதில் நாமும் தின்றிருக்கிறோம், நாக்குக் கறுத்து வீட்டில் பேச்சும் வாங்கியிருக்கிறோம். ஆனால் பச்சைக் காயைத் தின்ற பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றோட்டம், சோர்வு, கண்மணி விரிதல் போன்றவை ஏற்பட்டதாகப் பதிவுகள் உண்டு. பழமெது, காயெது என்று நான்கு வயதுப் பிள்ளை பிரித்துப் பார்க்காது. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு இரண்டையுமே தடுப்பது நல்லது. தின்றுவிட்டதாகத் தெரிந்தால் கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு கிளையைக் காய்களோடு முறித்துக் கையில் எடுத்துச் சென்றால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும்.

இலை உதிர்க்கும் பருவம்

மழை தொடர்ந்து பெய்யும் மலைநாட்டுப் பகுதிகளில் நாயுண்ணி ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். எமது உலர் வலயத்தில் அப்படியல்ல. சித்திரைச் சிறுமழை முடிந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் இலைகள் சுருண்டு, பழுத்து, உதிரும். ஆடி ஆவணியில் சில இடங்களில் வெறும் தடிகளே நிற்கும். பட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வேலியில் நிற்கும் கிளுவையும் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கிறது. அதை நாம் பட்டுப்போனது என்று சொல்வதில்லையே. இலை வழியாகத்தான் செடியின் நீர் ஆவியாகிப் போகிறது. இலையை உதிர்த்துவிட்டு, வேரிலும் அடித்தண்டிலும் உள்ள சேமிப்போடு செடி காத்திருக்கிறது. முதல் மழை விழுந்த சில நாட்களில் கணுவுக்குக் கணு தளிர் வரும். தளிரோடு பூவும் வரும்.

இந்த இலையுதிர் காலம் எமக்கு ஒரு வசதி. மாரியில் பற்றைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இலை உதிர்ந்த பின் உள்ளே பார்க்கலாம். எல்லைக்கல் தெரியும், பழைய அத்திவாரம் தெரியும், எல்லாவற்றிலும் முக்கியமாகக் கிணறு தெரியும். கட்டு இடிந்த கிணற்றின் வாயை நாயுண்ணி முழுவதுமாக மூடி வளர்ந்துவிடும். மேலே கிளைகள் பின்னிக் கிடப்பதால் தரை இருப்பதாகவே தோன்றும். முன்பு கிணறு இருந்த இடத்தை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, தெரியும் ஒரு மரத்திலிருந்தோ அத்திவாரத்திலிருந்தோ எத்தனை முழம் என்று கணக்கிட்டு, நீண்ட தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும். தனியாகப் போகவேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். யுத்தம் நடந்த நிலத்தில் பற்றையைவிடப் பற்றைக்குள் கிடப்பது ஆபத்தானது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இணைந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியும் ஆண்டுக்கணக்காக நடந்து வந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் காணி துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்தாமல் ஒரு கிளையையும் வெட்டாதீர்கள். சிவப்புப் பலகை விழுந்து கிடக்கலாம், விறகுக்குப் போயிருக்கலாம். பலகை இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றல்ல. நெருப்பு வைத்துப் பார்ப்போம் என்ற எண்ணமும் வேண்டாம். வெடிக்காத குண்டுகள் சூட்டில் வெடிக்கும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பிவந்து பொலிசாருக்கு அறிவியுங்கள்.

மாட்டுக்கு நஞ்சு

இந்தப் பகுதியை எழுதுவதற்கு எமக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் இது எமது தவறு. 2011இல் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், கணவரை இழந்த ஒரு தாய்க்கு நாம் ஒரு நாகு பசுவைக் கொடுத்தோம். முதற் கன்றை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கொட்டிலில் நின்று வெட்டிப்போட்ட புல்லைத் தின்று வளர்ந்த மாடு அது. வெளியூரிலிருந்து லொறியில் இறக்கிக்கொடுத்துவிட்டு, வளவில் கட்டி மேய விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். வளவில் இருந்தது நாயுண்ணி. அன்று மழை பெய்து சில நாட்கள்தான். புல் இன்னும் எழவில்லை, நாயுண்ணித் தளிர் எழுந்திருந்தது.

நான்காம் நாள் அந்தத் தாய் ஆள் அனுப்பினார். “சுவாமி, மாடு வாய் வைக்குதில்லை, மூக்குத் தோல் உரியுது, நிழலுக்கு இழுக்குது” என்பது செய்தி. நாம் போய்ப் பார்த்தோம். மூக்கு நுனி சிவந்து வெடித்திருந்தது. கால்வாய் நோயாக இருக்கலாம் என்று எமக்குள் முடிவெடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, மற்ற மாடுகளுக்குத் தொற்றாதிருக்க வெளியே தனியாகக் கட்டுங்கள் என்றோம். வெயிலில் கட்டச் சொன்னோம். கால்நடை வைத்திய அதிகாரி வந்தபோது ஆறாம் நாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், மஞ்சளாக இருந்தது. சாணம் எப்போது போட்டது என்று கேட்டார், இரண்டு நாளாக இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு நாயுண்ணியைக் காட்டினார். ஒன்பதாம் நாள் மாடு செத்தது.

அவர் விளக்கியது இதுதான். நாயுண்ணி இலையில் லன்ரடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈரலைத் தாக்கி, பித்தநீர் வெளியேறும் வழியை அடைக்கிறது. மாடு தின்ற பச்சை இலைகளின் பச்சையம் வயிற்றில் மாற்றமடைந்து உண்டாகும் ஒரு பொருள் வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேறிவிடும். வழி அடைபட்டதும் அது இரத்தத்தில் சேர்ந்து தோலுக்கு வருகிறது. அந்தத் தோலில் வெயில் பட்டால் தீப்பட்டது போல் புண்ணாகும். அதனால்தான் மூக்கு நுனி, கண்ணோரம், காது, மடி, வெள்ளை மயிர் உள்ள இடம் ஆகியவை முதலில் உரிகின்றன. கறுப்பு மாட்டில் தாமதமாகத் தெரியும். இரைப்பை அசைவும் நின்றுவிடுவதால் தின்ற இலை வயிற்றிலேயே கிடந்து நாள்தோறும் மேலும் நஞ்சை இரத்தத்துக்கு விடுகிறது. நான்காம் நாள் தின்பதை நிறுத்திவிட்டதே, இனித் தேறும் என்று நாம் நினைத்தது இதனால்தான் பிழைத்தது.

செய்யவேண்டியவை அதிகமில்லை, ஆனால் உடனே செய்யவேண்டும். மாட்டை இருண்ட நிழலுக்கு, முடிந்தால் கொட்டிலுக்குள் கொண்டுபோகவேண்டும். நீர் வைக்கவேண்டும். அன்றைக்கே கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். வயிற்றில் கிடக்கும் நஞ்சைப் பிடித்து வைக்கும் விசேட கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். முதல் ஓரிரு நாட்களில் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

ஊரிலேயே பிறந்து மேய்ந்த மாடுகள் பெரும்பாலும் இச்செடியில் வாய் வைப்பதில்லை. மணமும் சொரசொரப்பும் அவற்றைத் தடுக்கும். ஆபத்துக்குள்ளாவது புதிதாகக் கொண்டுவந்த மாடு, நெடுந்தூரம் பசியோடு வந்த மாடு, வேறு தீன் இல்லாமல் கட்டப்பட்ட மாடு. செம்மறிக்கும் இதே கேடு. வெள்ளாடு ஓரளவு தாங்கும், ஆனால் அதற்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை சரியல்ல. சிவப்புப் பூ வகையே அதிக நஞ்சு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எனினும் கலந்து கலந்து உண்டான செடி என்பதால் பூவின் நிறத்தை நம்பி மாட்டைக் கட்டமுடியாது. காய்ந்த இலையிலும் நஞ்சு போய்விடுவதில்லை. வெட்டிய கிளைகளை மாடு எட்டும் இடத்தில் குவிக்கவேண்டாம். இதன்பின் எமது நிலையம் கொடுத்த எந்த மாட்டையும், வளவைச் சுற்றிப் பார்க்காமல் இறக்கவில்லை.

வெட்டினால் போகாது

நாயுண்ணியின் தண்டு நாற்சதுரம், அதில் வளைந்த சிறு முட்கள். கத்தியால் வெட்டுவது கடினமல்ல. ஆனால் வெட்டிய அடியிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். நெருப்பு வைத்தாலும் மேலே உள்ளது எரியும், அடி பிழைக்கும். எரிந்த வெளியில் வெயிலும் சாம்பலும் கிடைப்பதால் முன்னிலும் செழிக்கும். மற்ற நாட்டுச் செடிகள் அவ்வேகத்தில் எழமுடியாது. ஆகவே ஆண்டுதோறும் எரிப்பவர் நாயுண்ணிக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறார்.

துளிர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். தரையோடு சேர்ந்த இடத்தில் தண்டும் வேரும் சந்திக்கும் தடித்த முடிச்சு ஒன்று உண்டு. துளிர்க்கும் ஆற்றல் அங்கேதான். அதற்குக் கீழே உள்ள அடிவேரில் அந்த ஆற்றல் இல்லை. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடன் வேலைசெய்தவர்களும் இந்த இயல்பை வைத்து ஒரு முறையை வகுத்தார்கள். தரைக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றரில், முடிச்சுக்குக் கீழாக, அடிவேரை வெட்டி, செடியை முழுதாகத் தூக்கித் தலைகீழாக வைத்துவிடுவார்கள். ஏன் தலைகீழாக? நாயுண்ணியின் கிளை ஈரமண்ணில் பட்டால் அங்கேயும் வேர்விடும். தலைகீழாக நிற்கும்போது முடிச்சு காற்றில் காய்ந்துவிடும். நஞ்சு மருந்து தேவையில்லை, யந்திரம் தேவையில்லை. இந்தியாவில் காட்டு நிலங்களை மீட்பதற்கு இம்முறை பயன்பட்டிருக்கிறது.

எமது பருவத்துக்கு இதை இப்படிப் பொருத்திக்கொள்ளலாம். ஆடி ஆவணியில் இலையில்லாத காலத்தில் கிளைகளை முழங்காலளவுக்கு வெட்டிக் குறையுங்கள். அப்போது பழமும் குறைவு, முள்ளும் தெரியும், பாம்பு இருந்தால் அதுவும் தெரியும். அடிக்கட்டையை முழங்கால் உயரத்தில் விடுவது பிடித்துத் தூக்குவதற்கு. புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசியிலோ முதல் மழை இறங்கி நிலம் இளகியதும், ஒருவர் கட்டையைச் சாய்த்துப் பிடிக்க மற்றவர் ஒரு பக்கம் மண்ணை விலக்கி, அலவாங்கின் தட்டை முனையாலோ கோடரியாலோ முடிச்சுக்குக் கீழே வெட்டலாம். மழை தொடர்ந்தால் கட்டைகளைத் தரையில் பரப்பிவிடாமல் ஒரு கல்லின் மேலோ அடுக்கிய தடிகளின் மேலோ குவியுங்கள். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள், முட்கீறல் எரிவெடுக்கும்.

களைகொல்லி பற்றி எம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பெரிய பற்றைக்கு அடித்தால் இலை கருகி மீண்டும் துளிர்ப்பதே வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், மேலே ஊற்றுவது வெடிப்புகளின் வழியாகக் குடிநீர்க் கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. கைவேலையே போதும் என்பது எமது எண்ணம்.

பூச்சியை விட்டு நாயுண்ணியை அழிக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1902இல் மெக்சிக்கோவிலிருந்து பூச்சிகளைச் சேகரித்து ஹவாய்த் தீவுகளில் விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியைத் தேடிச் சென்ற முதல் முயற்சிகளில் அது ஒன்று. சில இடங்களில் செடி தளர்ந்தது, பல இடங்களில் இல்லை. பல வகைகளாகக் கலந்த செடி என்பதால் ஒரு வகையைத் தின்னும் பூச்சி இன்னொன்றை விட்டுவிடுகிறது.

தடியால் ஆவது

வெட்டிய தடியை வீணாக்கவேண்டியதில்லை. நன்கு காய்ந்த தடி நல்ல விறகு. பழமும் விதையும் இல்லாத இலைகளைக் குழியில் போட்டு உக்கவைத்தால் பசளையாகும். பழத்தோடு போட்டால் பசளையோடு நாயுண்ணியையும் தோட்டத்துக்குக் காவுகிறோம். பெரு நாட்டில் விதை உருளைக்கிழங்கின் மேல் காய்ந்த நாயுண்ணி இலையைப் பரப்பி, கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைக் குறைக்கலாம் என்று கண்டிருக்கிறார்கள்.

கர்நாடகத்தின் மாதேசுவர மலையில் சோலிகர் மக்கள் மூங்கிலுக்குப் பதிலாக நாயுண்ணித் தடியை அவித்து, பட்டை உரித்து, வளைத்து, கதிரை மேசை செய்கிறார்கள். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் ஆதிவாசி மக்கள் இதே தடியால் உயிரளவு யானைகளைச் செய்தார்கள். 2021இல் அவை இலண்டன் பூங்காக்களில் நின்றன. எமது மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மக்கள் பலர் குடியமர்ந்த பகுதி அந்தக் கூடலூர். யானை செய்து விற்க எம்மால் இப்போது முடியாவிட்டாலும், நேரான தடிகளை அவித்து உரித்துக் கடகமும் கூடையும் பின்னிப் பார்க்கலாம். அவிக்காத தடியைப் பூச்சி அரிக்கும்.

பிடுங்கிய பின்

பற்றை போன இடத்தில் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். இருபது வருடமாக விழுந்த இலை உக்கிய மண். முட்களுக்குப் பயந்து மாடும் ஆளும் நுழையாததால் மேல்மண் கழுவப்படாமல் கிடந்திருக்கிறது. இத்தனை கேடு சொன்ன பிறகு இதையும் சொல்வதே நியாயம். ஆனால் அதே மண்ணில் நாயுண்ணியின் வேரும் இலையும் விட்ட சில பொருட்கள் மற்ற விதைகளின் முளையைத் தடுக்கக்கூடும். ஆகவே விலையுயர்ந்த விதையை முதற் போகத்தில் முழு நிலத்திலும் போடவேண்டாம். ஒரு மூலையில் நாலு வரிசை போட்டுப் பாருங்கள். மற்ற நிலத்தில் உழுந்தோ பயறோ கௌபீயோ விதைத்தால் நிலம் வெறுமையாகக் கிடக்காது, மண்ணும் தேறும். குளக்கட்டுச் சரிவிலும் அருவிக் கரையிலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் மாரி மழை மண்ணை அள்ளிச் செல்லும். அங்கே பட்டி பட்டியாக எடுத்து, எடுத்த இடத்தில் புல்லும் மரமும் பிடித்த பிறகு அடுத்த பட்டிக்குப் போகவேண்டும்.

மண்ணில் ஏற்கெனவே விழுந்த கொட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கார்த்திகை மார்கழியில் அவை முளைத்துச் சாணளவு நிற்கும்போது கையால் இழுத்தால் வேரோடு வரும். பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. இலையைக் கசக்கி மணந்தால் எந்த நாற்று என்பது சந்தேகமில்லாமல் தெரியும். அடுத்த மாரிக்கு விட்டால் அலவாங்கு வேண்டும். குறைந்தது மூன்று மாரிக்கு இதைச் செய்தவர்களின் வளவுகளே நாம் அறிந்தவரை துப்புரவாக நிற்கின்றன.

நாயுண்ணி அடர்ந்த நிழலில் வளராது. வெயிலுக்கு வந்த செடி அது. எனவே வெறுமையான எல்லையை அப்படியே விடாமல் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நட்டு வேலியைப் பிடிக்கவைக்கவேண்டும். சிலர் நாயுண்ணியையே முள்வேலியாக விடுகிறார்கள், செலவில்லை என்று. அந்த வேலியின் பழம் அயல்வளவுகளுக்கெல்லாம் போகும். வளவின் உள்ளே மா, பலா, தோடை நட்டு நிழல் வரும்வரை இடையில் மரவள்ளியோ வாழையோ வைக்கலாம்.

முன்பு சொன்ன அந்தத் தாய்க்கு அடுத்த ஆண்டு இன்னொரு நாகு கொடுத்தோம். அதற்கு முன் அவரும் இரு மகன்மாரும் அரை ஏக்கரை அலவாங்கால் கிண்டி முடித்திருந்தார்கள். கட்டும் இடத்தைச் சுற்றி நேப்பியர்ப் புல் நட்டிருந்தார். நாம் போனபோது மாட்டை இறக்கவிடவில்லை. “கொஞ்சம் பொறுங்கோ சுவாமி” என்று சொல்லி, வேலியோரம் ஒருமுறை நடந்து, பூவரசின் கீழ் முளைத்திருந்த மூன்று நாற்றுகளைப் பிடுங்கி வீதியில் எறிந்துவிட்டு வந்து, கயிற்றை வாங்கினார்.